மாடிக்குக் கைப்பிடிச்சுவர்

தியானப் பகுதி: உபாகமம் 22:1–8, மாற்கு 2:1–12



இவ்வாரத் தியானத்திற்கு, நம்மில் எவரும் மனப்பாடம் செய்து வைத்திராத ஒரு கட்டளையை எடுத்துக்கொள்வோம். உபாகமம் 22-ஆம் அதிகாரம் காணாமற்போன மாட்டைப் பற்றியும், வழியில் விழுந்துகிடக்கும் கழுதையைப் பற்றியும், குஞ்சுகளை அடைகாக்கும் தாய்ப்பறவையைப் பற்றியும் பேசுகிறது. அந்த வரிசையில்தான் 8-ஆம் வசனம் வருகிறது. புதிதாக வீடு கட்டுகிறவன் அதன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பியாக வேண்டும். அதைச் செய்யாமல் விட்டு, யாரேனும் ஒருவர் அங்கிருந்து விழுந்து மடிந்தால், அந்த உயிருக்கு அவ்வீடே கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

அக்காலத்து வீடுகளின் மாடி தட்டையானது. ராகாப் தன் வீட்டு மாடியில்தான் சணல் தட்டைகளை அடுக்கி வைத்திருந்தாள். பேதுரு ஜெபிக்க ஏறிச் சென்றதும் மாடிக்கே. விருந்தினரும் பிள்ளைகளும் முதியோரும் நடமாடிய இடம் அது. ஆகவே கர்த்தர் அதற்குச் சுவர் கேட்டார். இக்கட்டளையில் மூன்று காரியங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, விபத்து நடந்த பின் என்ன செய்வது என்று அது பேசவில்லை. நடப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்றே பேசுகிறது. இரண்டாவது, விழுந்தவர் கவனமாக நடந்தாரா என்று அது கேட்கவில்லை. கட்டியவர் கவனமாகக் கட்டினாரா என்றே கேட்கிறது. மூன்றாவது, இது ஆசாரியருக்கான கட்டளை அன்று. கொத்தனாருக்கும் வீட்டுக்காரருக்குமான கட்டளை. ஆயினும் பலிபீடத்தைப் பற்றிப் பேசிய அதே தேவன்தான் இதையும் பேசினார்.

நம் காலத்தில் அந்நியர் வந்து தங்கி உறங்கும் வீடு எது? தம் உயிரை முன்பின் அறியாதவர் கையில் ஒப்புவித்துக் கண்மூடும் வீடு எது? அது மருத்துவமனை. அந்த வீட்டுக்குரிய கைப்பிடிச்சுவர் எது என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய காரியம்.

ஓட இயலாதவர்கள்

2024 டிசம்பர் 12-ஆம் நாள் இரவு, திண்டுக்கல் திருச்சி சாலையிலுள்ள தனியார் எலும்பு முறிவு மருத்துவமனை ஒன்றில் தீப்பற்றியது. கீழ்த்தளத்தில் தொடங்கிய தீயின் புகை மேல்தளங்களை நிரப்பியது. 6 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். மின்தூக்கிக்குள் சிக்கி மயங்கிக் கிடந்தவர்களைத் தீயணைப்பு வீரர்கள் வெளியே கொண்டுவந்தனர் என்ற செய்தியை நம்மில் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்போம். மின்கசிவே காரணமாக இருக்கலாம் என்று அப்போது கூறப்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் 15-ஆம் நாள் இரவில், உத்தரப் பிரதேசத்தின் ஜான்சி நகர அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு எரிந்தது. அன்றிரவே 10 குழந்தைகள் மடிந்தன. பெற்றோர் பெயர் சூட்டுவதற்குள் உலகை விட்டுப் போன குழந்தைகள் அவை.

இவ்விரண்டு சம்பவங்களையும் எண்ணிப்பாருங்கள். ஒரு பள்ளியிலோ, திரையரங்கிலோ தீப்பற்றினால் மணி ஒலிக்கும். மக்கள் எழுந்து ஓடுவார்கள். மருத்துவமனையில் யார் ஓடுவது? காலில் எடை கட்டித் தொங்கவிடப்பட்டவர் ஓடுவாரா? அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளியாத தாய் ஓடுவாளா? மூச்சுக்கருவியோடு இணைக்கப்பட்டவரும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் குறைமாதக் குழந்தையும் எப்படி ஓடும்? மற்றக் கட்டடங்களில் தப்புவது அவரவர் கால்களைப் பொறுத்தது. மருத்துவமனையில் தப்புவது அடுத்தவருடைய கைகளையும், கட்டடத்தைக் கட்டியவருடைய முன்யோசனையையும் பொறுத்தது.

தீ பிடிப்பதற்கான ஏதுக்களும் அங்கே அதிகம். குளிர்சாதனக் கருவிகள் இரவுபகல் ஓயாமல் ஓடுகின்றன. ஒரு கட்டிலுக்குப் பல மின்கருவிகள் இணைக்கப்படுகின்றன. வீடாகக் கட்டப்பட்டுப் பின்னர் மருத்துவமனையாக மாறிய கட்டடங்களில், பழைய மின்கம்பிகளே இந்தப் புதிய பாரத்தையும் சுமக்கின்றன. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 21 விழுக்காடு பிராணவாயு உள்ளது. கசியும் குழாயினால் அந்த அளவு சற்றே கூடினாலும், படுக்கை விரிப்பும் மெத்தையும் உடுப்பும் மிக எளிதில் பற்றிக்கொண்டு மூர்க்கமாக எரியும். உயிர் காக்கும் அதே வாயு, கவனம் தவறும் இடத்தில் தீக்கு உணவாகிவிடுகிறது.

முதலில் கொல்வது புகை

நம் ஊரின் அருகே கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் இருக்கிறது. சென்னையின் தாகம் தீர்க்க 2020-ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது. அந்தக் கரையில் நின்று பார்க்கிறவருக்கு, இத்தனை தண்ணீர் அருகிலிருக்கத் தீயைக் குறித்து ஏன் அஞ்ச வேண்டும் என்று தோன்றக்கூடும். ஆனால் மருத்துவமனைத் தீயில் தண்ணீர் வந்து சேரும் முன்பே பலருடைய மூச்சு அடங்கிவிடுகிறது. காரணம், சுடர் அன்று, புகை. எரியும் மெத்தையும் நெகிழியும் மின்கம்பியின் உறையும் கக்கும் நச்சுப்புகை, சுடர் எட்டாத மாடிக்கும் சில நிமிடங்களில் ஏறிவிடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குகிறவரை உறக்கத்திலேயே கொண்டுபோய்விடும்.

2011 டிசம்பர் 9-ஆம் நாள் அதிகாலையில் கொல்கத்தாவில் நடந்தது இதுவே. டாக்குரியா பகுதியிலுள்ள ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் நிலவறையில், எளிதில் எரியும் பொருள்கள் குவித்து வைக்கப்பட்டிருந்த இடத்தில் தீ மூண்டது. மேல்தளங்களில் தீப்பிடிக்கவில்லை. ஆனால் குளிர்சாதனக் குழாய்களின் வழியே புகை ஒவ்வொரு வார்டுக்கும் சென்றது. கட்டடத்தின் முகப்போ கண்ணாடியால் மூடப்பட்டிருந்தது. புகை வெளியேற வழியில்லை. ஏறக்குறைய 90 பேர் இறந்தனர். பெரும்பாலோர் மூச்சுத்திணறியே இறந்தனர். அருகிலிருந்த குடிசைப்பகுதி மக்கள் புகையைக் கண்டு உதவிக்கு ஓடிவந்தபோது, காவலாளிகள் அவர்களை வாசலிலேயே திருப்பியனுப்பினர் என்றும், தீயணைப்புத் துறைக்குத் தாமதமாகவே செய்தி போயிற்று என்றும் அந்நாள்களில் செய்திகள் வெளிவந்தன. சகோதரரே, சகோதரியே, இந்தக் காட்சியை மறவாதிருங்கள். ஏழைகள் கதவைத் தட்டினார்கள். உள்ளே ஓட இயலாதவர்கள் படுத்திருந்தார்கள். இரு கூட்டத்தாருக்கும் நடுவே ஒரு கதவு மூடியிருந்தது.

மூடிய கதவு எவ்வளவு கொடியது என்பதற்கு நம் தமிழ் மண்ணிலேயே ஒரு சாட்சி உண்டு. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த கீற்றுக்கொட்டகை எரிந்தது. அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் மடிந்தனர். இன்று எந்த மருத்துவமனையும் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதில்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் திருட்டுக்கு அஞ்சி அவசர வழிக்குப் பூட்டுப் போடுகிறோமே, அந்தப் பூட்டு யாரைக் கட்டிவைக்கிறது? படிக்கட்டில் பழைய கட்டில்களையும் உடைந்த சக்கர நாற்காலிகளையும் அடுக்குகிறோமே, அவை யாருடைய பாதையை அடைக்கின்றன? சங்கிலி கண்ணுக்குத் தெரியவில்லை என்பதொன்றே வேறுபாடு.

கர்த்தருடைய சித்தம் என்று சொல்லுமுன்

இத்தகைய மரணம் நிகழும்போது, துக்க வீட்டில் நம்மவர் நாவில் எளிதாக வரும் ஒரு சொல் உண்டு: கர்த்தருடைய சித்தம். அழுகிறவருக்கு ஆறுதல் தரும் நோக்கத்தோடுதான் அதைச் சொல்கிறோம். தேவனுடைய கையை மீறி எதுவும் நடப்பதில்லை என்னும் விசுவாசம் நமக்கு நங்கூரம். அதை நான் அசைக்கவில்லை. ஆனால் மனிதன் செய்யாமல் விட்ட கடமையை மூடுவதற்கு அந்தச் சொல்லைப் போர்வையாக்குவது தவறு என்று உறுதியாகச் சொல்கிறேன். கைப்பிடிச்சுவர் இல்லாத வீட்டிலிருந்து ஒருவர் விழுந்தபோது, மோசேயின் நியாயப்பிரமாணம் அது தேவசித்தம் என்று சொல்லி முடித்துவிடவில்லை. பழி இந்த வீட்டின்மேல் என்றது. கர்த்தர் மனிதனிடம் கேட்ட கணக்கை, நாம் கர்த்தரிடமே திருப்பி எழுதிவிடக் கூடாது.

சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்த செய்தியை லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் எடுத்துப் பேசுகிறார். இறந்தவர்கள் மற்றவரைவிடப் பாவிகள் என்று எண்ணுவதை அவர் ஏற்கவில்லை. மாறாக, கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனந்திரும்பச் சொன்னார். ஒரு விபத்துச் செய்தி நம் காதில் விழும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி, இறந்தவர் என்ன குற்றம் செய்தார் என்பதன்று. உயிரோடிருக்கும் நாம் எதை மாற்ற வேண்டும் என்பதே.

வேறு சிலர் இதற்கு நேர்மாறாகப் பேசுகிறார்கள். ஆண்டவர் தம் தூதர்களை அனுப்பிக் காப்பார். நாம் ஏன் தீயணைப்புக் கருவியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்கிறார்கள். தேவதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், ஆகவே தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதித்துவிடும் என்று சொன்னவன் யார் என்பதை லூக்கா 4-ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். வேதவசனத்தை மேற்கோள் காட்டியே அவன் அதைச் சொன்னான். நம் ஆண்டவர் குதிக்கவில்லை. தேவனைப் பரீட்சை பார்ப்பதற்கு மறுத்தார். சுவரில்லாத மாடியில் பிறரை உறங்கவைத்துவிட்டுத் தேவன் காப்பார் என்பது விசுவாசம் அன்று. அதுவும் பரீட்சையே. இன்னும் சொன்னால், அது அடுத்தவருடைய உயிரை வைத்துச் செய்யும் பரீட்சை.

நெகேமியாவின் மாதிரி இதற்கு மாற்று. எருசலேமின் அலங்கத்தைக் கட்டும்போது எதிரிகள் சூழ்ந்தார்கள். 4-ஆம் அதிகாரம் அவர்கள் இரண்டு காரியங்களைச் செய்தார்கள் என்கிறது: தேவனிடம் ஜெபித்தார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். ஜெபித்ததனால் காவலை விடவில்லை. காவல் வைத்ததனால் ஜெபத்தையும் விடவில்லை. மருத்துவமனைக்குள் நுழையும் விசுவாசிக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் வேண்டியதில்லை.

ஆலையில் அறிந்ததை மறப்பதேன்?

நம் சபையார் பலருக்குச் சிப்காட் வளாகமே பிழைப்பு. தேர்வாய் கண்டிகையின் மிஷெலின் டயர் ஆலை உள்ளிட்ட தொழிற்கூடங்களும், கும்மிடிப்பூண்டியின் பழைய தொழிற்பேட்டையும் நம் வீடுகளுக்குச் சோறு போடுகின்றன. இரவு ஷிப்ட் முடித்து ஞாயிறு ஆராதனைக்குக் கண்கள் சிவக்க வந்து அமரும் வாலிபரை நான் மதிக்கிறேன். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். ஆலையில் அபாய மணி அடித்தால் எந்த வாசல் வழியே போக வேண்டும், எந்த இடத்தில் ஒன்றுகூட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியுமல்லவா? மாதிரி ஒத்திகையில் நின்றிருக்கிறீர்களல்லவா? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 38-ஆம் பிரிவில், தீயினின்று தப்பும் வழியைத் தொழிலாளருக்கு உறுதி செய்யும்படியும், அவ்வழியை அவர்கள் அறிந்திருக்கும்படியும் கட்டளையிட்டது. அந்த அறிவு உங்களுக்குள் இருக்கிறது.

அப்படியிருக்க, உங்கள் மனைவியைப் பிரசவத்திற்குச் சேர்க்கும்போது, அந்தக் கட்டடத்தின் இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று பார்த்தீர்களா? தந்தையை அறுவை சிகிச்சைக்குச் சேர்த்த நாளில், மின்தடை ஏற்பட்டு லிஃப்ட் நின்றால் அவரை எப்படி இறக்குவார்கள் என்று கேட்டீர்களா? எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்தில், ஓடத் தெம்புள்ள நாம் இத்தனை விழிப்போடு இருக்கிறோம். பல நாள் படுத்துக்கிடக்கும் இடத்தில், எழுந்து நிற்கவும் இயலாத நம் அன்பருக்காக ஏன் விழிப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்?

சட்டம் இல்லாமலில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி, தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்பைக் குறித்தே எழுதப்பட்டது. மருத்துவமனைகளுக்கு அதில் தனி விதிகள் உண்டு. 2020 நவம்பரில் குஜராத்தின் ராஜ்கோட்டில் கொரோனா மருத்துவமனை ஒன்று எரிந்து நோயாளிகள் மாண்டபோது, உச்சநீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. ஒவ்வொரு கொரோனா மருத்துவமனையிலும் தீப்பாதுகாப்புக்கென ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறையேனும் ஆய்வு நடக்க வேண்டும் என்று அவ்வாண்டு டிசம்பர் 18-ஆம் நாள் ஆணையிட்டது. விதி இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. ஆனால் சான்றிதழ் சுவரில் தொங்கும். தீயன்று கதவைத் திறக்க அது இறங்கி வராது. திறப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். சாவி எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே ஓர் எதிர்ப்பேச்சு எழும் என்பதை அறிவேன். ஐயா, எங்களுக்குப் படுக்கை கிடைப்பதே பெரிய காரியம்; முன்பணம் கட்டவே கடன் வாங்குகிறோம்; இதையெல்லாம் கேட்டால் மருத்துவர் முகம் சுளித்துவிட்டால் என்ன செய்வோம் என்பீர்கள். இந்த அச்சம் பொய்யன்று. எளியவர்களின் வாய் மருத்துவமனையில் தானாகவே அடைத்துக்கொள்கிறது. இரண்டு மறுமொழிகள் சொல்கிறேன். ஒன்று, பணிவோடு கேட்கப்படும் கேள்வி குற்றச்சாட்டு அன்று. சிஸ்டர், அவசரமென்றால் எந்தப் படி வழியாக இறங்க வேண்டும் என்று கேட்பதனால் எவரும் சிகிச்சையை மறுப்பதில்லை. இரண்டு, தனியொருவராகக் கேட்கத் தயங்குவதைச் சபையாகக் கேட்கலாம். நோயாளியைக் காண நாலைந்து பேராகச் செல்கிறோமே, அவர்களுள் ஒருவர் படிக்கட்டைப் பார்த்துவிட்டு வருவது எத்தனை எளிது!

நான்கு பேர்

மாற்கு 2-ஆம் அதிகாரத்தின் திமிர்வாதக்காரனை நாம் அறிவோம். அவனால் நடக்க இயலாது. நான்கு பேர் அவனைப் படுக்கையோடு சுமந்து வந்தார்கள். வாசலில் கூட்டம் நெருக்கியது. உள்ளே போக வழியில்லை. அவர்கள் மாடியின் மேல் ஏறி, கூரையைப் பிரித்து, அவனை இறக்கினார்கள். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். விசுவாசம் கண்ணுக்குத் தெரியுமா? அன்று தெரிந்தது. சுமந்த தோள்களிலும், வழி அடைபட்டபோது வேறு வழி கண்டுபிடித்த கைகளிலும் அது தெரிந்தது.

மருத்துவமனைத் தீயில் நோயாளியை மீட்கும் முறையும் ஏறக்குறைய இதுவே. லிஃப்டை நாடக் கூடாது. அது புகைக் குழாயாக மாறிவிடும், நடுவழியில் நின்றும் விடும். ஸ்ட்ரெச்சர் இல்லையென்றால் கெட்டியான படுக்கை விரிப்பின் நான்கு முனைகளையும் நான்கு பேர் பற்றிக்கொண்டு சுமக்கலாம். எல்லாரையும் உடனே தரைத்தளத்திற்கு இறக்க முயல்வதற்கு முன், அதே தளத்தில், புகையைத் தடுக்கும் கதவுக்கு அப்பாலுள்ள பாதுகாப்பான பகுதிக்கு நகர்த்துவதே முதற்படி என்று வல்லுநர் கற்பிக்கின்றனர். ஆகவேதான் அந்தக் கதவுகளைச் செங்கல் வைத்துத் திறந்தே நிறுத்துவது ஆபத்து. காற்றோட்டத்திற்காக வைத்த அந்த ஒரு செங்கல், புகைக்கு வழிவிட்டுவிடுகிறது.

இவ்வாறு மீட்பது கூடாத காரியம் அன்று. 2022 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் பழைய கட்டடம் ஒன்றில் தீப்பிடித்தது. 30-க்கும் மேற்பட்ட நோயாளிகள் வெளியே கொண்டுவரப்பட்டனர்; ஓர் உயிரும் போகவில்லை. நம்மூர்க்காரர் எத்தனையோ பேர் மேல்சிகிச்சைக்காக அனுப்பப்படும் இடம் அது. அந்த நாளை நினைத்து நாம் ஸ்தோத்திரம் செலுத்தினோமா? அழிவைச் செய்தியாக்கும் உலகம் காக்கப்பட்டதை ஒரே நாளில் மறந்துவிடுகிறது, சபை மறக்கலாகாது.

கொல்கத்தாவின் அந்த இருண்ட விடியலிலும் ஒரு விளக்கு எரிந்தது. கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்த இரு இளம் செவிலியர், தங்கள் வார்டிலிருந்த எட்டு நோயாளிகளை மீட்டார்கள். எஞ்சியிருந்த ஒருவரையும் மீட்கச் சென்று புகைக்குள் மாண்டார்கள். அவர்களுடைய தியாகத்தை நாம் வணங்கிப் போற்றுகிறோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் இறந்திருக்கத் தேவையில்லை. நிலவறை ஒழுங்காக இருந்திருந்தால், புகை வெளியேற வழியிருந்திருந்தால், அந்தப் பெண்பிள்ளைகள் இன்று தம் வீட்டாரோடு உணவருந்திக்கொண்டிருப்பார்கள். தியாகத்தைப் பாராட்டுவது எளிது. அது தேவைப்படாதபடி முன்கூட்டியே வேலை செய்வது கடினம். கர்த்தர் கைப்பிடிச்சுவரில் கேட்டது அந்தக் கடினமான வேலையையே.

நாம் செய்யத்தக்கவை

நோயாளியோடு துணைக்குத் தங்குகிறவர்களே, சேர்க்கப்பட்ட முதல் மணி நேரத்திலேயே இரண்டு வழிகளை நடந்து பாருங்கள். கட்டிலிலிருந்து படிக்கட்டுக்கு எத்தனை கதவு என்று எண்ணிக்கொள்ளுங்கள்; புகையில் கண் தெரியாது, எண்ணிக்கைதான் வழிகாட்டும். தீயணைப்புக் கருவியின் அழுத்தமானியில் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பாருங்கள். பிராணவாயு கொடுக்கப்படும் கட்டிலருகே மெழுகுவர்த்தியோ, கொசுவர்த்தியோ, ஊதுபத்தியோ ஏற்றாதிருங்கள். ஜெபத்திற்குச் சுடர் தேவையில்லை. ஒரே மின்பெட்டியில் கைப்பேசியையும் வெந்நீர்க் கெட்டிலையும் மாட்டாதிருங்கள். படிக்கட்டில் பாய் விரித்து உறங்காதிருங்கள். வாசலை மறித்து இருசக்கர வண்டியை நிறுத்தாதிருங்கள். புகையைக் கண்டால் வெட்கப்படாமல் குரல் கொடுங்கள். 101 அல்லது 112 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். பிறர் அழைத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு ஒருவரும் அழையாமல் போன இடங்கள் உண்டு. புகை சூழ்ந்தால் தரையோடு தாழ்ந்து செல்லுங்கள். தரையருகில்தான் சுவாசிக்கத்தக்க காற்று எஞ்சியிருக்கும்.

மருத்துவமனைகளில் ஊழியம் செய்கிறவர்களே, செவிலியராகவும் ஆயாவாகவும் மின்பணியாளராகவும் காவலாளியாகவும் நம் சபையில் பலர் இருக்கிறீர்கள். உங்கள் பணியைத் தேவபணியாக எண்ணுங்கள். சூடாகும் சுவிட்சையும் கருகல் வாடையையும் கண்டால், அது என் வேலையன்று என்று கடந்து போகாதிருங்கள். எரிகோ வழியில் கடந்து போன இருவரை நாம் அறிவோம். காவலாளியாக இருக்கும் சகோதரரே, அவசர வழியின் சாவி உம்மிடம் இருக்குமானால், உம் கையில் இருப்பது பல குடும்பங்களின் நாளைய விடியல். அந்த வழியைப் பூட்டாமல் உள்ளிருந்து தள்ளினால் திறக்கும்படி அமைக்க வேண்டும் என்று மேலாளரிடம் அச்சமின்றிச் சொல்லும்.

மருத்துவமனை நடத்துகிற விசுவாசிகளுக்கும் ஒரு சொல். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டு வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய பணியை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். சுகமளிக்கும் வீடுகளைத் தமிழ்நாட்டில் எழுப்பிய சபை, அவ்வீடுகளுக்குக் கைப்பிடிச்சுவரையும் எழுப்பக் கடன்பட்டிருக்கிறது. ஒரு கட்டில் கூட்டினால் வருமானம் கூடும். ஒரு படிக்கட்டைக் கூட்டினால் செலவுதான் கூடும். அந்த இடத்தில்தான் நம் விசுவாசம் சோதிக்கப்படுகிறது.

சபையாகவும் ஒன்று செய்வோம். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் அனுசரிக்கப்படுகிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக வந்த வாரம் அது. அந்த வாரத்தில் வாலிபர் ஐக்கியமும் பெண்கள் ஐக்கியமும் இணைந்து, தீயணைப்பு நிலையத்தாரை ஆலய வளாகத்திற்கு அழைத்துச் செயல்விளக்கம் காட்டச் சொல்லலாம். ஆலைகளில் பயிற்சி பெற்ற நம் சகோதரர்கள், படுக்கை விரிப்பில் ஒருவரைச் சுமந்து படியிறங்குவதை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். கிறிஸ்துமஸ் இரவு ஆராதனையில் ஆலயத்தின் பக்கவாட்டுக் கதவுகள் திறந்திருக்கின்றனவா என்பதையும் அப்படியே பார்த்துவிடுவோம்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த பிறகே, பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் தமிழ்நாடெங்கும் அகற்றப்பட்டன. இனியொரு கணக்கைக் கொடுத்துத்தான் மருத்துவமனைப் படிக்கட்டுகளைத் திறக்க வேண்டுமா? வேண்டாம். மரணத்திற்குப் பின் வரும் சீர்திருத்தத்தைவிட, மரணத்திற்கு முன் எழும் கைப்பிடிச்சுவரே கர்த்தருக்குப் பிரியமானது. இந்த வாரம் நீங்கள் எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், ஜெபித்து முடித்ததும் எழுந்து சென்று படிக்கட்டைப் பாருங்கள். அது அடைபட்டிருந்தால், ஒருவரிடமாவது சொல்லிவிட்டு வாருங்கள்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, ஓட இயலாதவர்களை நீர் எங்கள் கைகளில் ஒப்புவித்திருக்கிறீர். தீயில் தங்கள் பிள்ளைகளையும் பெற்றோரையும் பறிகொடுத்த குடும்பங்களைத் தேற்றும். இந்த இரவில் வார்டுகளில் விழித்திருக்கும் செவிலியரையும், அழைப்புக்குக் காத்திருக்கும் தீயணைப்பு வீரரையும் காத்தருளும். பார்க்க வேண்டியதைப் பார்க்கும் கண்களையும், சொல்ல வேண்டியதைச் சொல்லும் துணிவையும், சுமக்க வேண்டியவரைச் சுமக்கும் தோள்களையும் எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.